ஊருணியில் கர்ப்பிணியின் உடல்: முதல் 24 மணி நேரத்தில் எந்தத் தடயம் நிற்கும், எது போகும்?

நெறியாளர்
நடந்துகொண்டிருக்கும் வழக்கு எதையும் இங்கே இழுக்க வேண்டாம். பெயர், ஊர், படம் எதுவும் வேண்டாம். கீழே உள்ளது பயிற்சிக்காகப் போட்ட கற்பனைச் சூழல். அதை மட்டும் பேசுவோம்.

இளம்வக்கீல்
காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய வீடு. திருமணமாகி நாலு வருஷம், ஏழு மாதக் கர்ப்பிணி. சித்திரை மாதம். காலையில் ஊருணியில் உடல். தண்ணீர் எடுக்கப் போய்க் கால் வழுக்கிவிட்டது என்கிறது கணவர் வீடு. கொன்று போட்டுவிட்டார்கள் என்கிறது பிறந்த வீடு. கழுத்தில் மங்கலாக ஒரு கோடு. வளவை, அதாவது நடுமுற்றத்தை, ஒட்டிய தாழ்வாரத் தரையைக் கழுவிவிட்ட அடையாளம். அரசுத் தரப்பு எதைப் பிடித்து நிற்கும், எதிர்த்தரப்பு எங்கே உடைக்கும்?

கோர்ட்டுக்கோடி
தம்பி, பிரிவுகளை முதலில் முடித்துவிடுவோம். 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்தது என்றால் புதுச் சட்டங்கள். கொலைக்கு பாரதிய நியாய சன்ஹிதா 103. வரதட்சணைச் சாவு 80, பழைய 304பி. வயிற்றில் அசைவு வந்த சிசு அதே செயலால் இறந்தால் 92, அதாவது பழைய 316, பத்து வருஷம் வரை. இந்த 92-ஐக் குற்றப்பத்திரிகையில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். சேர்த்தாலும் சிசுவுக்கு என்று தனி மருத்துவச் சாட்சியம் இல்லாமல் நிற்காது.

திருமணமாகி ஏழு வருஷத்துக்குள் என்பதால் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை உண்டு. காரைக்குடிப் பக்கம் என்றால் தேவகோட்டைக் கோட்டம். ஏழு வருஷமோ அதற்கு மேலோ தண்டனை உள்ள குற்றம் என்றால் தடய அறிவியல் ஆள் சம்பவ இடத்துக்கு வரவேண்டும் என்று புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 176(3) சொல்கிறது. சோதனை, கைப்பற்றல் இரண்டையும் வீடியோ எடுக்கவேண்டும் என்கிறது 105. ஆனால் ஊருணியில் மிதந்ததை "சந்தேக மரணம்" என்று 194-ல் பதிந்துவிட்டால் தடய நிபுணரைக் கூப்பிடும் அவசரமே யாருக்கும் வராது. தரை கழுவுவதெல்லாம் அந்த இடைவெளியில்தான்.

பிணவறை வெளிச்சம்
கழுத்துக் கோட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன், எல்லோரும் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள்.

சித்திரை வெயிலில் உடல் சீக்கிரம் ஊதும். கழுத்தில் மஞ்சள் கயிறோ சங்கிலியோ இருந்தால் ஊதிய சதைக்குள் அது புதைந்து, இறுக்கியது போலவே ஒரு பள்ளம் விழும். (கழுத்துரு, அதாவது நகரத்தார் திருமணத் தாலி, என்று எழுதிவிடாதீர்கள். அதைத் தினமும் யாரும் போடுவதில்லை.) அதனால் கயிற்றை அவிழ்ப்பதற்கு முன்னால் படம் எடுக்கவேண்டும், எடுக்கும்போது அளவுகோல் பக்கத்தில் இருக்கவேண்டும். கயிற்றை முடிச்சுக்கு எதிர்ப்பக்கம் வெட்டி, முடிச்சு அப்படியே இருக்கக் காகித உறையில் போடவேண்டும். கோடு கிடைமட்டமா, காதுப்பக்கம் ஏறுகிறதா, முழு வட்டமா, எங்கே விட்டுப்போகிறது, அகலம் எத்தனை மில்லிமீட்டர் என்பதெல்லாம் அறிக்கையில் வேண்டும். கோடு விழுந்த தோலில் ஒரு துண்டு, பக்கத்து நல்ல தோலில் ஒரு துண்டு, இரண்டும் பத்து சதவீத ஃபார்மலினில் திசுப் பரிசோதனைக்கு. உயிரோடு இருந்தபோது இறுகியதா என்பதை அங்கேதான் தேடவேண்டும்.

கழுத்தைக் கடைசியில்தான் திறக்கவேண்டும். முதலில் தலை, பிறகு மார்பு. இரத்தம் வடிந்த பிறகு கழுத்தை அடுக்கு அடுக்காகப் பிரித்தால்தான் தசைக்குள் இருக்கும் கசிவு உண்மையானதா என்று தெரியும். அவசரத்தில் முதலிலேயே கழுத்தைத் திறந்தால் இரத்தக்குழாயிலிருந்து வழிந்த இரத்தம் தசையில் ஊறிக் கழுத்தை நெரித்த மாதிரி காட்டும். இது அறிக்கையில் ஏறிவிட்டால் அப்புறம் திருத்தவே முடியாது.

இளம்வக்கீல்
நாவடி எலும்பு உடையவில்லை என்று வந்தால் எதிர்த்தரப்பு அதையே பெரிதாகப் பேசுமே, மேடம்?

பிணவறை வெளிச்சம்
பேசும். இருபத்தைந்து வயதுப் பெண்ணுக்கு அந்த எலும்பின் கொம்புகள் நடுத்துண்டோடு இன்னும் குருத்தெலும்பால்தான் சேர்ந்திருக்கும். வளையும், பெரும்பாலும் உடையாது. அது நடுத்தர வயதைத் தாண்டியவர்களிடம் எதிர்பார்க்கும் அடையாளம். "உடையவில்லை, ஆகவே நெரிக்கவில்லை" என்று எழுதினால் தப்பு. கண்ணிமை உள்பக்கத்திலும் முகத்திலும் ஊசிமுனை அளவு இரத்தப் புள்ளிகள், தைராய்டு குருத்தெலும்பின் மேல்கொம்பு, கழுத்துத் தசைக் கசிவு எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்ப்போம். அந்தப் புள்ளிகள் நெரிப்புக்கு மட்டும் சொந்தமும் இல்லை.

கல்லல் ரோடு
எனக்கு ஒரு எதிர்க் கேள்வி. கர்ப்ப வலிப்பு வந்து தண்ணீரில் விழுந்திருக்கலாமே? நாக்குக் கடி, வாயில் நுரை, முகத்தில் புள்ளி எல்லாம் அதிலும் வருமே?

பிணவறை வெளிச்சம்
சரியான கேள்வி, கொலை என்று முடிவு கட்டிவிட்டு வருகிறவர்கள் கேட்காத கேள்வி. ஏழு மாதத்தில் இரத்த அழுத்தம் ஏறி வலிப்பு வந்து விழுவது நடக்கக்கூடியதுதான். அதனால் சிறுநீரகம், கல்லீரல், மூளை, நுரையீரல், நஞ்சு (நஞ்சுக்கொடி, விஷமல்ல) எல்லாவற்றிலும் திசு எடுத்தே ஆகவேண்டும். சிறுநீரக வடிப்பான்களின் உள்வரிச் செல்கள் வீங்கியிருந்தால் அது பெரிய துப்பு. இறந்த பின் எடுத்த சிறுநீரில் புரதம் இருக்கிறதே என்று மட்டும் நம்பாதீர்கள், சும்மாவே வரும்.

அதைவிட எளிதானது கர்ப்பப் பதிவு. தமிழ்நாட்டில் கர்ப்பிணி 'பிக்மி' என்ற அரசுக் கர்ப்பப் பதிவில் பதிவாகியிருப்பார். தாய் சேய் நல அட்டையில் ஒவ்வொரு வருகையிலும் இரத்த அழுத்தம், எடை, ஹீமோகுளோபின், கடைசி மாதவிடாய்த் தேதி, ஸ்கேன் தேதி எல்லாம் இருக்கும். முதல் நாளே அந்த அட்டையைக் கைப்பற்றுவது ரொம்ப முக்கியம். வீட்டில் அட்டை "காணோம்" என்றால் ஆரம்ப சுகாதார நிலையப் பதிவேட்டில் நகல் இருக்கும். கிராமச் சுகாதார செவிலியரைச் சாட்சியாகப் போடுவது யாருக்கும் தோன்றுவதில்லை. அந்தப் பெண்ணை அந்த ஏழு மாதத்தில் அதிகம் பார்த்தவர் அவர்தான்.

ஊருணிக்கரை
மூழ்கியதா, இறந்த பின் போட்டதா என்பதற்கு டயாட்டம் சோதனை. பாசியிலுள்ள சிலிக்கா ஓட்டு நுண்ணுயிரிகள், மூச்சோடு நுரையீரலுக்குள் போய் இரத்த ஓட்டத்தில் எலும்பு மஜ்ஜை வரை சேரும். இதயம் நின்ற பிறகு தண்ணீரில் போட்டால் மஜ்ஜைக்குப் போக வழியில்லை. ஆகவே தொடை எலும்பை வெட்டாமல் முழுதாக எடுத்து, வெளியே நன்றாகக் கழுவி அனுப்பவேண்டும். கழுவுவது காய்ச்சி வடித்த நீரில். பிணவறைக் குழாயில் வரும் போர்வெல் நீரிலும் தொட்டித் தண்ணீரிலும் டயாட்டம் இருக்கலாம். ஊருணியில் இருந்ததா, உங்கள் குழாயில் இருந்ததா என்று எதிர்த்தரப்பு கேட்டால் பதில் இல்லை.

ஊருணித் தண்ணீர் மாதிரி ஒரு லிட்டர், உடல் இருந்த அதே இடம், அதே ஆழம். அன்றைக்கே எடுக்கவேண்டும். ஊரார் இறங்கித் தேடி, தீயணைப்பு வந்து கலக்கிய பிறகு எடுத்தால் அடிச்சேறுதான் வரும். செட்டிநாட்டு ஊருணிகளில் இன்னொரு சிக்கல். குளிக்கவோ துவைக்கவோ விடாமல் காத்துவைத்த குடிநீர் ஊருணியில் பாசி குறைவாக இருந்தால் எதிர்மறை முடிவு எதையும் சொல்லாது. கிணறு என்றால் இன்னும் மோசம்.

உடல் மிதந்த நேரத்தையும் பாருங்கள். முதலில் மூழ்கி, வாயு சேர்ந்த பிறகுதான் பொதுவாக மேலே வரும். கோடையில் ஏறத்தாழ ஒரு நாள். ராத்திரி பத்து மணிக்குப் பார்த்தோம், காலை ஆறுக்கு மிதந்தது என்றால் கேள்வி எழவேண்டும். சேலைக்குள் காற்று அடைபட்டால் மூழ்காமலே இருக்கும் என்பதையும் சேர்த்து எழுதிவிடுங்கள், இல்லையென்றால் குறுக்கு விசாரணையில் அதை அவர்கள் எடுப்பார்கள்.

ரசாயனம்
தாழ்வாரத் தரைக்கு வருகிறேன். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது இல்லை. கண்ணாடி மேல் வண்ணக்கலவை ஊற்றி, மேலே உலர் கலவை, அப்புறம் சிமெண்டு என்று வார்த்துத் தண்ணீரில் ஊறப்போட்டு எடுப்பது. துளைகள் உண்டு. மேற்பரப்பைக் கழுவலாம், இரண்டு கல்லுக்கு நடுவிலுள்ள இணைப்பில் இறங்கியதை வழித்தெடுக்க முடியாது. பஞ்சைத் தேய்த்துவிட்டு "இரத்தம் இல்லை" என்று எழுதக்கூடாது. கல்லையே பெயர்த்து, இணைப்புச் சாந்தையும் அடிப்பக்கத்தையும் தனித்தனியாக எடுக்கவேண்டும். அதே தாழ்வாரத்தின் மறுகோடியில் சந்தேகமில்லாத ஒரு கல்லைக் கட்டுப்பாட்டு மாதிரியாகப் பெயர்க்கவேண்டும்.

லூமினால் (இரத்தத்தில் பட்டால் ஒளிரும் திரவம்) அடித்தால் இந்த வீடுகளில் பாதி வீடு மின்னும். செம்பு, பித்தளைப் பாத்திரம் தேய்த்த இடம், இரும்பு ஆக்ஸைடு கலந்த சிவப்புக் கல், செம்மண் பட்ட நடைவழி, பிளீச்சிங் பவுடர் எல்லாம் நீல ஒளி தரும். முடிந்தால் லூமினால் கடைசி. முதலில் கேஸ்ட்ல்-மேயர்.

கல்லல் ரோடு
கேஸ்ட்ல்-மேயரும் பொய் சொல்லுமே.

ரசாயனம்
சொல்லும், ஆனால் எப்போது சொல்கிறது என்று தெரிந்துகொள்ள வழி உண்டு. வடிதாள் முனையில் கறையைத் தொட்டு, ஒரு சொட்டு ஆல்கஹால், பிறகு ஒரு சொட்டு ஃபீனால்ஃப்தலின் கரைசல். இங்கேயே ரோஸ் நிறம் வந்தால் இரத்தமில்லை, செம்பு உப்பு மாதிரி ஆக்ஸிஜனேற்றும் பொருள். அப்படியே தள்ளிவிடுங்கள். நிறம் வராவிட்டால் ஹைட்ரஜன் பெராக்ஸைடு ஒரு சொட்டு. சில நொடியில் ரோஸ் வந்தால் இரத்தமாக இருக்கலாம். அரை நிமிஷத்துக்கு மேல் நின்று வருவதை எண்ணாதீர்கள், காற்று பட்டே தானாக நிறம் மாறும்.

காய்கறி நறுக்கிய இடத்துச் செடிப் பெராக்ஸிடேஸும் ரோஸ் தரும். மாதிரியை 100 டிகிரியில் சில நிமிஷம் சூடாக்கித் திரும்பச் செய்தால் செடி நொதி செத்துவிடும், இரத்தத்தின் ஹீம் நிற்கும். அப்புறமும் இது "இருக்கலாம்" சோதனைதான். டக்காயாமா படிகம் வந்தால் இரத்தம், மனித ஹீமோகுளோபின் அட்டை கோடு காட்டினால் மனித இரத்தம். யாருடையது என்பது டி.என்.ஏ. சொல்லவேண்டும். அறிக்கையில் இந்த நாலு படியும் தனித்தனியாக வரவேண்டும். "இரத்தக் கறை காணப்பட்டது" என்று மகஜரில் (சம்பவ இடத்தில் எழுதும் பதிவில்) எழுதி, சோதனையை யாரும் செய்யாமலே சாட்சி ஏறினால் அது வெற்றிலை எச்சில் என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

கோர்ட்டுக்கோடி
ரசாயனம் அண்ணன் சொன்னதோடு உறை விஷயமும் சேர்க்கணும். ஈரத் துணியைப் பிளாஸ்டிக் பையில் போட்டு லாரியில் அனுப்பினால் மண்டலத் தடய ஆய்வகத்துக்குப் போய்ச் சேரும்போது பூஞ்சைதான் இருக்கும். நிழலில் உலர்த்தி, காகித உறை, ஒரு பொருளுக்கு ஒரு உறை. நகத்துண்டு வலது கை ஒரு உறை, இடது கை ஒரு உறை. கைப்பற்றிய நாள், கோர்ட்டுக்கு வந்த நாள், ஆய்வகம் பெற்ற நாள், முத்திரை மாதிரி பொருந்தியதா என்று நாலையும் ஒன்றாகப் பாருங்கள். நடுவே பன்னிரண்டு நாள் காவல் நிலைய அலமாரியில் தூங்கியிருந்தால் அதுதான் உங்கள் வாதம், அறிவியல் எல்லாம் பின்னால்.

இளம்வக்கீல்
ராத்திரியிலேயே பிரேதப் பரிசோதனை முடித்துவிடலாமா? உறவினர்கள் அவசரப்படுத்துவார்களே.

பிணவறை வெளிச்சம்
2021 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் சூரியன் மறைந்த பிறகும் செய்யலாம் என்று அனுமதித்தது. ஆனால் கொலை, தற்கொலை, பாலியல் வன்முறை, அழுகிய உடல், சந்தேக மரணம் ஆகியவற்றுக்கு அது இல்லை, சட்டம் ஒழுங்குப் பிரச்சினை இருந்தால் ஒழிய. இந்தச் சூழலுக்குக் காலைதான். அதுவரை குளிர்பெட்டி, நாலு டிகிரி. ஐஸ் கட்டியைச் சேலை மேல் கொட்டாதீர்கள், சேலையிலுள்ள எல்லாம் கரைந்து ஓடிவிடும்.

இறந்த நேரத்தைச் சூட்டை வைத்துச் சொல்ல வேண்டாம். சித்திரையில் வெளிக்காற்றே உடல் சூட்டை நெருங்கும், தண்ணீருக்குள்ளும் கணக்கு வேறு. விறைப்பு, பச்சை நிறம், இரைப்பையில் இருந்த சாப்பாடு எல்லாவற்றையும் சேர்த்து அகலமான இடைவெளியாகச் சொல்வதுதான் நேர்மை.

இப்போது யாரும் பேசாத ஆள், வயிற்றிலுள்ள குழந்தை. முழு இழையும் இதற்குத்தான் என்று நினைக்கிறேன்.

கர்ப்பப்பையை அங்கேயே கீறாமல் முழுதாக எடுத்து, அளந்து, எடை போட்டுப் பிறகு திறக்கவேண்டும். நஞ்சின் பின்பக்கம் இரத்தக் கட்டி இருக்கிறதா, எத்தனை கிராம் என்று எழுதவேண்டும். வயிற்றில் உதைபட்டாலும் வரும், இரத்த அழுத்தத்தாலும் தானாக வரும். எந்தக் காரணம் என்பதை வயிற்றுச் சுவர்த் தசைக் கசிவோடு சேர்த்துத்தான் சொல்லமுடியும். சிசுவின் உச்சி முதல் குதிகால் நீளம், உட்கார்ந்த நீளம், பாத நீளம், தலைச்சுற்றளவு, எடை எல்லாம் வேண்டும்.

அதற்குமேல் ஒரு கடிகாரம் அதிலேயே இருக்கிறது. வயிற்றுக்குள் இறந்த சிசு ஓர் அரை நாளிலேயே தோல் வழுக்க ஆரம்பிக்கும். சில நாள் போனால் மண்டை எலும்புகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். தாயின் உடல் புதிதாக இருந்து சிசுவின் தோல் மட்டும் உரிந்திருந்தால் சிசு முன்பே இறந்திருக்கிறது. அப்போது அந்த முந்தைய நாட்களில் என்ன நடந்தது என்று விசாரணை பின்னால் போகவேண்டும். இதைக் கவனித்து ஒரு வரி எழுத ஒரு நிமிஷம்கூட ஆகாது. எழுதாமல் விட்டால் திரும்பக் கிடைக்காது.

கல்லல் ரோடு
ஏழு மாதம் என்பதை எப்படி நிறுவுவது? ஹாஸ் விதிதானே? நீளம் 35 சென்டிமீட்டர், ஐந்தால் வகுத்தால் ஏழு.

பிணவறை வெளிச்சம்
அந்த ஏழு நம் வீட்டு ஏழு இல்லை. ஹாஸ் கணக்கு 28 நாள் மாதம். 35 சென்டிமீட்டர் என்றால் ஏறத்தாழ 28 வாரம். வீட்டில் "ஏழாம் மாதம்" என்று வளைகாப்புக்குச் சொல்வது தமிழ் மாதக் கணக்கு. ஸ்கேனில் வாரக்கணக்கு கடைசி மாதவிடாயிலிருந்து, கரு உருவானதிலிருந்து எண்ணினால் இரண்டு வாரம் குறையும். மூன்று சாட்சிகளும் மூன்று விதமாக மாதம் சொல்வார்கள், எல்லோரும் உண்மையே சொல்லியிருப்பார்கள். அறிக்கையில் வாரத்தில் எழுதுங்கள், எதிலிருந்து எண்ணியது என்றும் எழுதுங்கள். கூடவே எலும்பு மையங்கள்: குதிகால் எலும்பு ஐந்தாம் மாதவாக்கில், கணுக்கால் டாலஸ் ஏழில், தொடை எலும்பின் கீழ்முனை 36 வாரவாக்கில்.

ஊருணிக்கரை
இந்த வாரக்கணக்குத் தகராறு உலகம் பார்த்தது லேசி பீட்டர்சன் வழக்கில். கலிபோர்னியாவின் மொடெஸ்டோவில் 2002 டிசம்பர் 24-ல் காணாமல் போனார், எட்டு மாதக் கர்ப்பிணி. 2003 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாக் கரையில் சிசுவும் அவரும் தனித்தனியாக ஒதுங்கினார்கள். சிசு எப்போது இறந்தது என்பதற்கு ஸ்கேனையும் தொடை எலும்பு நீளத்தையும் வைத்து இரு தரப்பு மருத்துவர்களும் மோதினார்கள், தேதி சில நாள் தள்ளினால் கணவர் தப்பிக்க வழி இருந்தது. படகில் இடுக்கியில் சிக்கிய முடியில் வேர் இல்லாததால் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.தான் பார்த்தார்கள். அது தாய்வழியில் எல்லோருக்கும் ஒன்றுதான், ஒரே ஆளைச் சுட்டாது. 2004 நவம்பரில் கணவர் குற்றவாளி எனத் தீர்ப்பு. 2020-ல் மரண தண்டனை ரத்தாகி 2021-ல் ஆயுளாக மாறியது.

தனித்தனியாக ஒதுங்கியதைப் பார்த்து "வயிற்றைக் கிழித்தார்கள்" என்று கிளம்பினவர்கள் நிறைய. அழுகும்போது வாயு அழுத்தத்தில் கர்ப்பப்பையிலிருந்து சிசு வெளியே வரலாம், உடல் சிதையும்போதும் பிரியலாம். நம் ஊருணியிலும் இரண்டு நாள் கழித்து எடுத்தால் அப்படிப் பார்க்க நேரலாம்.

கல்லல் ரோடு
நம்மூர்ச் சிக்கல் ஒன்று. வயிற்றோடு தகனம் கூடாது, குழந்தையைத் தனியாக எடுத்துப் புதைக்கணும் என்று பெரியவர்கள் கேட்பார்கள். கர்ப்பத்தோடு போனவளுக்கு வழியோரம் சுமைதாங்கிக் கல் நடுகிற மண் இது. அதை மறுக்கவும் மனசு வராது.

பிணவறை வெளிச்சம்
மறுக்கவே வேண்டாம். குழந்தையைக் கொடுத்தாலும் மாதிரியை எடுத்துக்கொண்டு கொடுங்கள். தப்பு நடப்பது அங்கே. எல்லோரும் தாயிடமே கவனமாக இருப்பார்கள், சிசு ஒரு துணியில் சுற்றி, எண்ணே இல்லாமல் உறவினர் கைக்குப் போய்விடும். அப்புறம் தந்தை யார் என்ற கேள்வி வந்தால் மாஜிஸ்திரேட் உத்தரவோடு தோண்டவேண்டும், ஈரச் செம்மண்ணில் அந்த எலும்பு எவ்வளவு மிஞ்சும் என்று நீங்களே யோசியுங்கள்.

ரசாயனம்
சிசுவின் டி.என்.ஏ.வுக்கு எடுக்கவேண்டியது நஞ்சு இல்லை, அதில் தாயின் இரத்தம் கலந்திருக்கும். தொடைத் தசையின் உள்பக்கத்திலிருந்து ஒரு துண்டு, உப்புநீரில் அலசி, சுத்தமான குப்பியில், உறைநிலையில். அழுகியிருந்தால் தொடை எலும்பு முழுதாக. ஃபார்மலின் கூடவே கூடாது, டி.என்.ஏ.வை நூலாகக் கிழித்துவிடும். திசுப் பரிசோதனைக்குத் தனிக் குப்பியில் ஃபார்மலின், இரண்டையும் ஒரே ஆள் ஒரே நேரத்தில் நிரப்பினால் மாறிப்போகும். தாயின் இரத்தம், உறையாமல் வைக்கும் இ.டி.டி.ஏ. குழாயில் இரண்டு மூன்று மில்லி. சந்தேகப்படுபவரின் இரத்தம் நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 51-ஆம் பிரிவில், மருத்துவர் கையால், தனியாக. மூன்றும் இருந்தால்தான் கணக்கு உறுதியாகும்.

விஷச் சோதனைக்கு இரைப்பையும் உள்ளிருப்பதும், சிறுகுடலின் முதல் 30 சென்டிமீட்டர், கல்லீரல் 500 கிராம், இரண்டு சிறுநீரகத்திலும் பாதி, நிறைந்த உப்புக்கரைசலில். பாட்டிலை மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள், வாயு தள்ளி மூடி பறக்கும். அந்த உப்புக்கரைசல் வெறுமனே ஒரு பாட்டிலும் சேர்த்து அனுப்புங்கள். இரத்தத்துக்கு மில்லிக்கு 10 மில்லிகிராம் சோடியம் ஃபுளோரைடு.

இளம்வக்கீல்
செல்போன், கேமரா பற்றி ஒருவரும் சொல்லவில்லையே.

கோர்ட்டுக்கோடி
சாட்சிய அதிநியமம் 63, பழைய 65பி. சான்றிதழ் இரண்டு பகுதி, ஹேஷ் எண்ணோடு (பதிவு மாறவில்லை என்று காட்டும் எண்). தெருக்கேமரா பதிவு சில வாரத்தில் தானாக அழிந்து மேலே எழுதப்படும், அதனால் நாள் கடத்திக் கேட்பது வீண். பெட்டியின் கடிகாரம் எத்தனை நிமிஷம் தள்ளி ஓடுகிறது என்று கைப்பற்றும்போதே மகஜரில் எழுதிவிடு, தம்பி. மற்றபடி இதற்குத் தனி இழை போடலாம்.

பிணவறை வெளிச்சம்
ஒன்று விட்டுப்போச்சு. குப்பியின் லேபிளில் "கரு" என்று மட்டும் எழுதுகிறார்கள். சிசுவுக்கு என்று தனி எண், தாயின் பிரேதப் பரிசோதனை எண், என்ன திசு, எந்தத் தொடை, என்ன கரைசல், நேரம், கையெழுத்து. லேபிளைப் பென்சிலில் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் ஓடிவிடும்.